இணைய இணைப்பின் போக்குவரத்தை அளத்தல்: ஊராட்சிகளுக்கு ஏற்ற சிக்கனமான கருவிகள்

ஊராட்சி அலுவலகத்துக்கு இணைய இணைப்பு வந்த சில மாதங்களுக்குள் ஒரு முறையீடு எழுவது வழக்கமாகிவிட்டது. காலையில் நன்றாக இயங்கிய இணைப்பு பிற்பகலில் தேய்ந்து போகிறது. சான்றிதழுக்கு மனுச் செய்ய வந்தவர் இ-சேவை மையத்தின் வாயிலில் காத்து நிற்கிறார். நூலகத்தில் அமர்ந்து தேர்வுக்குப் படிக்கும் மாணவி பாடத்தைத் திறக்க இயலாமல் எழுந்து போகிறாள். அடுத்த கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர், இதைவிட வேகமான திட்டத்துக்கு மாறிவிடலாம் என்கிறார். தீர்மானம் நிறைவேறுகிறது, மாதக் கட்டணம் உயருகிறது, பிற்பகல் முறையீடு மட்டும் அப்படியே நிற்கிறது. இதற்குக் காரணம், இணைப்பின் வழியே என்ன செல்கிறது என்பதை எவரும் அளந்து பார்க்கவில்லை என்பதே. அளப்பதற்கு வேண்டிய கருவிகள் யாவை, அவற்றுள் குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவது எது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

2011-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த தேசிய ஒளியிழைத் திட்டமே பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்றது. அத்திட்டத்தைத் தமிழ்நாட்டில் நிறைவேற்ற 2018-ல் டான்ஃபிநெட் என்று வழங்கும் அரசு நிறுவனம் அமைக்கப்பட்டு, 12,525 கிராம ஊராட்சிகளை இணைப்பது அதன் பணியாக வகுக்கப்பட்டது. கம்பி ஊருக்கு வந்து சேரும் வரையில் பொறுப்பு பிறருடையது. வந்து சேர்ந்தபின் அலுவலகம், நூலகம், பள்ளி, இ-சேவை மையம் ஆகியவை அதனைப் பங்கிட்டுக் கொள்ளும் முறை நம்முடைய பொறுப்பு.

எதை அளப்பது?

இணையத்தில் செல்லும் செய்தி எதுவும் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டே அனுப்பப்படுகிறது. பொட்டலம் ஒவ்வொன்றின் மேலும் அனுப்பியவர் முகவரியும் பெறுபவர் முகவரியும் இருக்கும். இவற்றை எண்ணுவதும் எடை போடுவதுமே போக்குவரத்தை அளத்தல் ஆகும். தபால் நிலையத்தில் உறைகளை எண்ணுவதற்கும் உறையைக் கிழித்துக் கடிதத்தைப் படிப்பதற்கும் உள்ள வேற்றுமையை இங்கு நினைவிற் கொள்க. பெரும்பாலான இணையத்தளங்கள் இன்று செய்தியைப் பூட்டியே அனுப்புகின்றன. படிக்க விரும்பினாலும் படிக்க இயலாது. எந்தச் சாதனம், எந்த நேரத்தில், எவ்வளவு இறக்கியது, எவ்வளவு ஏற்றியது என்பது தெரிந்தால் ஊராட்சிக்குப் போதும்.

அளவைப் பற்றி ஒரு சொல். இணைப்பின் வேகம் பிட் கணக்கில் விற்கப்படுகிறது. கோப்புகளும் படங்களும் பைட் கணக்கில் அளக்கப்படுகின்றன. 8 பிட் கொண்டது 1 பைட். ஆகவே நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டே வரும். இதை அறியாமல், எட்டில் ஒரு பங்குதான் தருகிறீர்கள் என்று நிறுவனத்தாரோடு வழக்காடுவோர் உண்டு. அவ்வழக்கு நில்லாது.

பொட்டலங்களை முழுமையாகச் சேமித்து வைக்க வேண்டும் என்று சில கடைக்காரர்கள் கூறுவர். பெரிய சேமிப்பு வட்டுகளை விற்பதற்கு அது நல்ல உபாயம். சராசரி 10 மெகாபிட் அளவே ஓடும் இணைப்பில்கூட ஒரு மணி நேரத்துக்கு 4.5 கிகாபைட் சேரும். ஒரு நாளில் 108 கிகாபைட். 64 கிகாபைட் அட்டை பதினான்கு மணி நேரத்தில் நிரம்பிவிடும். நமக்கு வேண்டியது கணக்கு மட்டுமே. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணிக்கையைக் குறித்து வைத்தால், ஓராண்டுக் கணக்கும் அட்டையின் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

இம்முறை புதியதன்று. 1994-ல் டோபியாஸ் ஓடிக்கர் என்பவர் பணியாற்றிய இடத்தில் வெளியுலகத்துக்கு இருந்தது நொடிக்கு 64 கிலோபிட் கொண்ட ஒரே இணைப்பு. அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எல்லோரும் கேட்கவே, எண்ணிக்கையை இடைவிடாது வரைபடமாகக் காட்டும் சிறு நிரல் ஒன்றை அவர் எழுதினார். எம்.ஆர்.டி.ஜி. என்ற பெயரால் 1995-ல் வெளியான அந்நிரல் உலகெங்கும் பரவியது. இன்றைய ஊராட்சி இணைப்பு அதனினும் பல நூறு மடங்கு பெரியது. ஆயினும் ஒரே கம்பியைப் பலர் பங்கிடும் நிலைமை ஒன்றே.

எங்கே நின்று அளப்பது?

கருவியின் விலையைக் காட்டிலும் அதை வைக்கும் இடமே முக்கியம். ஏரியிலிருந்து எவ்வளவு நீர் போகிறது என்று அறிய விரும்புவோர் மதகில் நின்று அளப்பர்; தம் வயலின் வாய்மடையில் நின்றால் தம் பங்கு மட்டுமே தெரியும். இணையமும் அவ்வாறே. அலுவலகக் கணினியில் எவ்வளவு உயர்ந்த நிரலைப் போட்டாலும் அது அந்தக் கணினியின் போக்குவரத்தையே காட்டும்.

கம்பிகளைச் சேர்க்கும் பெட்டிகளின் இயல்பை இங்கே அறிந்து கொள்ளுதல் நலம். முற்காலத்தில் ‘ஹப்’ என்ற பெட்டி வழக்கில் இருந்தது. அது ஒரு துளையில் வந்ததை எல்லாத் துளைகளிலும் ஒலிபெருக்கி போலத் திருப்பி உரைக்கும். அதனோடு இணைந்த எந்தக் கணினியும் மற்றவற்றின் பொட்டலங்களைக் காண இயலும். பழைய பாடநூல்களில் அளவைக்கு ஹப்பைப் பரிந்துரைத்திருப்பதைக் காணலாம். இன்று அதனைத் தேடி அலைய வேண்டுவதில்லை. அது வேகம் குன்றியது. கிடைத்தாலும் இணைப்பு முழுவதையும் தாமதப்படுத்தும். இப்போது விற்கப்படுவன ‘ஸ்விட்ச்’ என்னும் பெட்டிகள். இவை தபால்காரரைப் போலப் பொட்டலத்தை உரியவர் துளையில் மட்டுமே சேர்க்கும். சாதாரண ஸ்விட்ச்சில் அளவைக் கணினியைச் செருகினால் அது ஏறக்குறைய ஒன்றையும் காணாது.

ஆனால் சற்றே உயர்ந்த வகை ஸ்விட்ச்சில், ஒரு துளையில் செல்வதையெல்லாம் மற்றொரு துளையில் பிரதி எடுத்துத் தருமாறு கட்டளையிடலாம். ‘போர்ட் மிரரிங்’ என்று கடையில் கேட்க வேண்டும். மலிவு வகையிலேயே இவ்வசதி உள்ளது. டிபி-லிங்க் நிறுவனத்தின் டி.எல்.-எஸ்.ஜி.105ஈ, நெட்கியர் நிறுவனத்தின் ஜி.எஸ்.308ஈ ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். முற்கூறியதில் ஐந்து துளைகள், பிற்கூறியதில் எட்டு. பெயரின் இறுதியிலுள்ள ‘ஈ’ என்ற ஓரெழுத்தைக் கவனிக்க வேண்டும். டி.எல்.-எஸ்.ஜி.105 என்று ‘ஈ’ இன்றி விற்கப்படுவது பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். அதில் பிரதி வசதி கிடையாது. விலைப்புள்ளியில் எழுத்து விடுபட்டால் வந்து சேரும் பெட்டியிலும் வசதி விடுபடும்.

இவ்வகை ஸ்விட்ச்சுக்கும் ஓர் எல்லை உண்டு. போகும் போக்குவரத்தும் வரும் போக்குவரத்தும் இரண்டும் சேர்ந்தே பிரதித் துளைக்கு வரும். ஆயிரம் மெகாபிட் கம்பி இரு திசையிலும் நிரம்பினால் இரண்டாயிரம் மெகாபிட் ஆகும்; அதைப் பிரதித் துளை தாங்காது, பொட்டலங்களைச் சிந்திவிடும். நம் இணைப்பு 50 அல்லது 100 மெகாபிட்டாக இருக்கும் வரையில் இக்கவலை வேண்டா. கம்பியின் நடுவில் பொருத்தும் ‘டேப்’ என்ற கருவியும் உண்டு. மின்சாரம் வேண்டாத மலிவு டேப், 100 மெகாபிட் வரையிலான கம்பிக்கே பயன்படும். ஒவ்வொரு திசைக்கும் ஒரு துளை வீதம் அளவைக் கணினியில் இரண்டு துளைகளும் தேவை. ஸ்விட்ச் கிடைக்கும்போது இது வேண்டுவதில்லை. கணினி ஒன்றையே கம்பியின் நடுவில் வைத்து அதன் வழியாக எல்லாவற்றையும் செலுத்தும் முறையையும் சிலர் கூறுவர். அக்கணினி நின்றால் ஊர் முழுவதும் இணைப்பு நின்றுவிடும்; ஆகவே நாம் அதை ஆதரிப்பதற்கில்லை.

ஒற்றைப் பெட்டியின் சிக்கல்

இனி, கிராமங்களில் பெரும்பாலும் எதிர்ப்படும் சிக்கலுக்கு வருவோம். இணைப்பு வழங்கும் நிறுவனத்தார் சுவரில் மாட்டிவிட்டுச் செல்லும் பெட்டி ஒன்றே மூன்று வேலைகளைச் செய்கிறது: ஒளியிழையின் ஒளியை மின்குறியாக மாற்றுகிறது, ரவுட்டராக இருந்து பல சாதனங்களுக்கு வழி பிரிக்கிறது, வைஃபை அலையையும் பரப்புகிறது. கைப்பேசிகள் யாவும் காற்றின் வழியே அப்பெட்டிக்குள் நுழைந்து இழையின் வழியே வெளியேறுகின்றன. இடையில் ஸ்விட்ச் வைப்பதற்குக் கம்பியே இல்லை! பிரதி வசதியுள்ள ஸ்விட்ச்சை வாங்கி வைத்தவர்கள் இங்கேதான் திகைத்து நிற்பர்.

மற்றொரு நுட்பமும் உண்டு. ரவுட்டர், உள்ளே இருக்கும் சாதனங்கள் அனைத்தையும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகக் காட்டுகிறது. ரவுட்டருக்கு வெளியே நின்று அளந்தால் மொத்தம் தெரியும். யார் எவ்வளவு என்பது தெரியாது. ஆகவே அளவை நிலையம் ரவுட்டருக்கு உட்புறத்தில் அமைய வேண்டும்.

வழி இதுவே. நிறுவனத்தார் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, அதிலிருந்து ஒரு கம்பியை எடுத்து நமக்குச் சொந்தமான ரவுட்டரில் சேர்க்க வேண்டும். அலுவலகம், நூலகம், பள்ளி யாவும் நம் ரவுட்டரின் வழியாகவே செல்லட்டும். அப்போது மதகு நம் கைக்கு வந்துவிடுகிறது. இவ்வாறு செய்யும்போது தனி ஸ்விட்ச்சும் தனிக் கணினியும்கூடப் பல ஊர்களுக்கு வேண்டியிரா, ரவுட்டரே கணக்கெழுதும்.

அத்தகைய ரவுட்டர் இரு வகை. லாட்வியா நாட்டு மைக்ரோடிக் நிறுவனத்தின் ‘ஹெக்ஸ்’ போன்றவை முதல் வகை. ஐந்து துளைகள் கொண்ட இச்சிறு பெட்டியில் போக்குவரத்தை வரைபடமாகக் காட்டும் வசதியும், முகவரிவாரிக் கணக்கை வேறொரு கணினிக்கு அனுப்பும் வசதியும் உள்ளடங்கியுள்ளன. இதில் வைஃபை இல்லை. தனியே ஒரு வைஃபை பெட்டி சேர்க்க வேண்டும். இரண்டாம் வகை, ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்ற இலவச நிரலை ஏற்கும் சாதாரண ரவுட்டர்கள். லிங்க்சிஸ் நிறுவனம் தன் ரவுட்டர் ஒன்றின் மூல நிரலை வெளியிட்டதை ஆதாரமாகக் கொண்டு 2004-ல் தோன்றிய இந்நிரல் இன்றும் வளர்ந்து வருகிறது. சாதனம் ஒவ்வொன்றும் மாதத்தில் எவ்வளவு பயன்படுத்தியது என்று கணக்கிடும் சிறு நிரல்களை இதில் சேர்த்துக் கொள்ளலாம். 4 மெகாபைட் சேமிப்பும் 32 மெகாபைட் நினைவகமும் மட்டுமே கொண்ட மிகப் பழைய ரவுட்டர்களில் தற்காலப் பதிப்புகள் இயங்கா. வாங்குமுன் ஆதரவுப் பட்டியலில் மாதிரியின் பெயரும் பதிப்பு எண்ணும் உள்ளனவா என்று பார்த்துக் கொள்க. நிறுவனத்தாருக்குச் சொந்தமான பெட்டியில் இந்நிரலைப் போடவே கூடாது.

எதையும் வாங்குமுன் செலவில்லாத ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். இருக்கும் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் மொத்தம் வந்தது, மொத்தம் போனது என்ற இரண்டு எண்கள் பெரும்பாலும் காணப்படும். ஒரு வாரம் அவற்றைக் குறித்து வாருங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை. சில பெட்டிகளின் எண்ணி, 429 கோடி பைட்டைச் சற்றுத் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 100 மெகாபிட் வேகத்தில் முழுதும் ஓடினால் ஆறு நிமிடத்துக்குள் இது நேரும். மின்தடை வந்தாலும் எண்ணி அழிந்துவிடும். எண் திடீரென்று குறைந்திருக்கக் கண்டால் உபயோகம் குறைந்துவிட்டதென்று எண்ணிவிடலாகாது.

கணினி வேண்டுமானால் எது?

நெடுநாட் கணக்கை வைக்கவும், வரைபடமாக்கி உறுப்பினர்களுக்குக் காட்டவும் ஒரு சிறு கணினி இருத்தல் நன்று. மூலையில் கிடக்கும் பழைய மேசைக் கணினியை இதற்குப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். விலை இல்லை என்பது மெய்; ஆனால் அது 80 வாட் எடுப்பதாகக் கொண்டால், இரவு பகல் ஓட மாதத்துக்கு 57.6 யூனிட் ஆகும். ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினி சுமார் 5 வாட்டில் ஓடும்; மாதம் 3.6 யூனிட். இரண்டாண்டு மின்கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தபின் எது இலவசம் என்று முடிவு செய்க.

ராஸ்பெர்ரி பையிலும் தலைமுறை பார்த்து வாங்க வேண்டும். 2016-ல் வெளியான மூன்றாம் மாதிரியின் கம்பித் துளை 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். 2018-ல் வந்த அதன் திருத்திய மாதிரி 300 மெகாபிட் வரை செல்லும். 2019-ல் வந்த நான்காம் மாதிரியிலேயே ஆயிரம் மெகாபிட் முழுமையாகக் கிடைக்கிறது. நம் தேவைக்கு 2018-ஆம் ஆண்டு மாதிரியே தாராளம். பயன்படுத்தியது நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கலாம். இதில் கம்பித் துளை ஒன்றே உண்டு. அதைப் பிரதித் துளையில் செருகிக் கேட்பதற்கு வைத்துக் கொண்டு, நாம் அதனோடு பேசுவதற்கு அதன் வைஃபையைப் பயன்படுத்துக.

நம் ஊர்களின் நிலைமைக்கு ஏற்ற சில குறிப்புகள்: இடைவிடாது எழுதப்படும் நினைவக அட்டை விரைவில் தேய்ந்து போகும், கணக்கை நினைவகத்தில் சேர்த்து மணிக்கு ஒரு முறை மட்டும் அட்டையில் எழுதும்படி அமைத்தால் ஆயுள் நீளும். நான்காம் மாதிரி வரையில் கடிகாரத்துக்கு மின்கலம் இல்லை. மின்சாரம் போய் வந்தால், இணையத்திலிருந்து நேரத்தைக் கேட்டறியும் வரையில் தவறான நேரத்தையே எழுதும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் மூடிய பெட்டிக்குள் வைத்தால் சித்திரை வெயிலில் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். ரவுட்டர், ஸ்விட்ச், கணினி மூன்றையும் ஒரே சிறு யு.பி.எஸ்.ஸில் சேர்த்துவிடுவது மேல். வெளிச்சுவர் வழியே கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கம்பி இழுத்திருந்தால் இடிமின்னல் முதலில் தாக்குவது இக்கருவிகளையே.

கணக்கு என்ன சொல்லும்?

ஓர் ஊராட்சியில் இறக்கத்துக்கு 50 மெகாபிட்டும் ஏற்றத்துக்கு 10 மெகாபிட்டும் கொண்ட இணைப்பு இருப்பதாக வைத்துக் கொள்வோம். தெருமுனையில் நான்கு கண்காணிப்புக் காமிராக்கள். ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் வீதம் தொலைவிலுள்ள சேமிப்பகத்துக்குப் படம் அனுப்புகிறது. மொத்தம் 8 மெகாபிட். அதாவது நாளொன்றுக்கு 86.4 கிகாபைட், மாதத்துக்கு 2,592 கிகாபைட். காலையில் எஞ்சிய 2 மெகாபிட் ஏற்றம் இ-சேவை மையத்துக்குப் போதுமாக இருக்கிறது. பள்ளி விட்டபின் நூலகத்து வைஃபையில் சேரும் கைப்பேசிகள் தாம் எடுத்த படங்களைத் தாமாகவே ஏற்றத் தொடங்குகின்றன. ஏற்றம் நிரம்பிவிடுகிறது.

ஏற்றம் நிரம்பினால் இறக்கம் ஏன் தேய வேண்டும் என்ற ஐயம் எழலாம். வந்த பொட்டலங்களுக்குப் பெறுபவர் சிறு சிறு ரசீதுகளைத் திருப்பி அனுப்பிக் கொண்டே இருக்க வேண்டும். ரசீது வந்து சேராவிடில் அனுப்புபவர் மேற்கொண்டு அனுப்பாமல் தாமதிப்பார். ஏற்ற வழி நெரிசலில் ரசீதுகள் சிக்கிக் கொள்ள, இறக்க வழி பாதிக்கு மேல் காலியாக இருந்தும் பாடம் திறப்பதில்லை. இந்நிலையில் ஏற்றம் உயராமல் இறக்கம் மட்டும் 100 மெகாபிட்டாகும் திட்டத்துக்கு மாறினால் கட்டணமே உயரும். காமிராப் படத்தை ஊரிலேயே ஒரு வட்டில் சேமித்து, வேண்டும்போது மட்டும் பார்க்கும்படி மாற்றினால் பிற்பகல் முறையீடு தீரும்.

வேறு விதமாகவும் கணக்கு அமையலாம். வேலை நேரம் முழுவதும் இறக்கக் கோடு ஒப்பந்த அளவைத் தொட்டுத் தட்டையாக நின்றால் பெரிய திட்டம் மெய்யாகவே தேவை. அத்தீர்மானத்துக்கு வரைபடமே சான்று. இரு கோடுகளும் தாழ்ந்திருக்க இணைப்பு மட்டும் தள்ளாடினால் கோளாறு வெளிக்கம்பியில் அல்லது வழங்குவோரிடத்தில் இருக்கக்கூடும். நாளும் நேரமும் குறித்த கணக்கோடு எழுதும் புகாரை எளிதில் தட்டிக் கழிக்க இயலாது.

சாதனவாரிக் கணக்கில் ஓர் இடர் உண்டு. 2019-ல் வந்த பத்தாம் ஆண்ட்ராய்டு முதலும், ஐபோனில் 2020 முதலும், கைப்பேசிகள் தம் உண்மை அடையாள எண்ணுக்குப் பதிலாக மாற்று எண்ணைக் காட்டுகின்றன. ஒரே கைப்பேசி இரண்டாகத் தோன்றுவதும் உண்டு. பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட இக்கணக்கு உதவாது. அது நன்மைக்கே என்று நாம் கருதுகிறோம். ஊர்ப் பொது இணைப்பில் யார் எந்தத் தளத்தைப் பார்த்தார் என்ற பட்டியல் ஒருவர் கையில் சேர்வது, அவர் நல்லவராயினும், ஊருக்கு நல்லதன்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்துள்ளது; தனிமனிதர் விவரங்களைக் காப்பதற்கு 2023-ல் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. ஆகவே நூலகம், பள்ளி, அலுவலகம், காமிரா என இடவாரியாகக் கணக்கை வைத்தால் போதும். சென்ற தளங்களின் முகவரியைச் சேமிக்கும் வசதியை அணைத்து வைக்க வேண்டும். அளவை நடைபெறுகிறது என்பதைக் கிராம சபையில் தெரிவித்து, நூலக வாயிலிலும் அறிவிப்பு ஒட்டிவிடுக.

தீர்மானத்துக்கு முன் இரண்டு வார அளவை போதுமானது. அதில் ஒரு பள்ளி விடுமுறை நாளும் ஓர் உதவித்தொகை விண்ணப்ப நாளும் அடங்குமாறு பார்த்துக் கொள்ளலாம். விலைப்புள்ளி கேட்கும்போது மாதிரியின் முழுப் பெயர், பிரதி வசதி உண்டா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் மாவட்டத் தலைநகரிலேயே மாற்றித் தருவார்களா என்ற நான்கையும் எழுத்தில் பெறுக. கருவி வந்தபின் அதன் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, உறையிலிட்டு, இருப்புப் பதிவேட்டோடு பூட்டி வைக்க வேண்டும். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லோடு விடப்பட்ட ரவுட்டரின் மதகை ஊரார் எவரும் திறக்கலாம்.